உங்க அப்பாவுக்குப் பணம் எத்தனை நாளில் வருது?

2024 ஜூன் இரண்டாம் வாரம். வேலை முடிந்து சென்னை காரப்பாக்கம் அறைக்கு வந்து, மொட்டை மாடியில் நின்றபடி போனில் நான் எம்பிஏவுக்கு விண்ணப்பித்திருந்த கல்லூரியின் பக்கத்தைத் திறந்தேன். ஏப்ரலில் என் வெயிட்லிஸ்ட் எண் 64. மே முதல் வாரம் 41. மே கடைசியில் 17. அன்றைக்கு எண் இருந்த இடத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: இந்த ஆண்டுக்கான சேர்க்கை நிறைவடைந்தது.

கீழே இறங்கிப் போய்த் தோசை சாப்பிட்டேன். அறை நண்பர்களிடம் சொல்லவில்லை. அம்மா வழக்கம்போல ஒன்பதரைக்குக் கூப்பிட்டார், அவரிடமும் சொல்லவில்லை. அக்காவுக்கு மட்டும் "கிடைக்கல" என்று அனுப்பினேன். அவள் உடனே கூப்பிட்டாள், நான் எடுக்கவில்லை.

அது எனக்கு இரண்டாவது வருஷம். ஐஐஎம் போன்ற மேலாண்மைக் கல்லூரிகளில் எம்பிஏ சேர எழுதும் கேட் தேர்வை 2022 நவம்பரில் முதல் முறை எழுதியபோது 95 பர்சன்டைல், பழைய ஐஐஎம் ஒன்றிலிருந்தும் 'கால்', அதாவது நேர்முக அழைப்பு, வரவில்லை. 2023 நவம்பரில் 98.7. நான்கு கால். மூன்று இடங்களில் நேர்முகத்துக்குப் பிறகு மறுத்துவிட்டார்கள், நான்காவது அந்த வெயிட்லிஸ்ட். இரண்டு வருஷமாகச் சனி, ஞாயிறு என்றால் எனக்கு மாக் டெஸ்ட் என்ற மாதிரித் தேர்வுதான். சித்தப்பா மகன் கல்யாணத்தில்கூட மண்டபத்து மாடியில் உட்கார்ந்து அட்டவணைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

98.7 என்று சொன்னால் கேட்கிறவர்கள் கண்ணை விரிக்கிறார்கள். நூற்றுக்கு வாங்கிய மதிப்பெண் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எழுதியவர்களில் எத்தனை சதவீதம் பேருக்கு மேலே நிற்கிறோம் என்பதுதான் அந்தக் கணக்கு. அந்த வருஷம் கேட் எழுதியவர்கள் ஏறக்குறைய 2.88 லட்சம் பேர். அப்படியானால் எனக்கு முன்னால் 3,700 பேர் வரை நிற்கிறார்கள். இந்தப் பெருக்கலை நான் முதல் வருஷமே போட்டிருக்க வேண்டும். போட்டிருந்தால் "இவ்வளவு எடுத்தும் கிடைக்கலையே" என்று ஒரு மாதம் புழுங்கியிருக்க மாட்டேன்.

அந்த ஜூன் மாதத்தில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "அடுத்த வருஷம் எழுதுறியா?" அப்பா கேட்டார், மேனேஜர் கேட்டார், கோச்சிங் மையத்திலிருந்து போன் பண்ணிய பையன் கேட்டான். பழைய மாணவர்களுக்குக் கட்டணத்தில் பாதி தள்ளுபடியாம். எனக்கும் அந்தக் கேள்வி இயல்பாகத்தான் பட்டது. பிறகுதான் ஒன்று உறைத்தது. மே, ஜூனில் மறுப்பு வருகிறது. ஆகஸ்ட் தொடக்கத்தில் அடுத்த கேட் தேர்வுக்குப் பதிவு திறக்கிறது. நடுவில் இருப்பது ஏழெட்டு வாரம். துக்கம் ஆறுவதற்குள் தேர்வுக் கட்டணத்தைக் கட்டிவிடுவோம், 2024-இல் அது 2,500 ரூபாய். கட்டிவிட்டால் நவம்பர் வரை படிப்பு, டிசம்பரில் முடிவு, பிப்ரவரியில் நேர்முகம், மறுபடி மே. நாம் ஒரு முடிவும் எடுக்காமலே ஒரு வருஷம் ஓடிவிடும். முதல் முறை தவறியபோது எனக்கு நடந்தது அதுதான். 2023 ஆகஸ்டில் நான் யோசித்துப் பதிவு செய்யவில்லை. பதிவு திறந்தது, செய்தேன்.

அதனால் இந்த முறை அக்காவிடம் ஒரு வாக்குக் கொடுத்தேன். ஜூலை முடியும்வரை எழுதுவேன் என்றும் சொல்ல மாட்டேன், எழுத மாட்டேன் என்றும் சொல்ல மாட்டேன். அதற்குள் மறுக்கப்பட்டது எது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

கல்லூரிகள் காரணம் சொல்வதில்லை. "உங்களுக்கு இடம் அளிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்" என்பதோடு சரி. ஆனால் பாதிக் காரணத்தை அவர்களே முன்கூட்டி அச்சடித்து வைத்திருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. ஐஐஎம்கள் ஒவ்வொன்றும் தங்கள் சேர்க்கைக் கொள்கையைத் தளத்தில் போடுகின்றன. பத்தாம் வகுப்புக்கு இவ்வளவு, பன்னிரண்டாம் வகுப்புக்கு இவ்வளவு, பட்டப்படிப்பு, வேலை அனுபவம், கேட் மதிப்பெண், நேர்முகம், எழுத்துத் திறன் என்று பிரித்து எடை கொடுத்திருப்பார்கள். நான் இரண்டு வருஷம் விண்ணப்பித்தவன், அதில் ஒன்றைக்கூட முழுதாகப் படித்ததில்லை. கட்ஆஃப் எவ்வளவு என்று மட்டும் தேடியிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஆவணங்களை எடுத்துவைத்துக்கொண்டு, நோட்டில் நடுவே கோடு போட்டேன். இடப்பக்கம் இனி மாறாதவை. பத்தாம் வகுப்பில் 89 சதவீதம், பன்னிரண்டில் 84, பொறியியலில் 7.2. பதினைந்து வயதில் எழுதிய பரீட்சை இருபத்தேழு வயதிலும் கூடவே வருகிறது. பொறியியல் படித்த ஆண் என்பதும் இடப்பக்கம்தான். இந்தத் தேர்வில் எங்கள் கூட்டம் மிக அதிகம், வேறு படிப்புப் படித்தவர்களுக்கும் பெண்களுக்கும் பல இடங்களில் கூடுதல் மதிப்பெண் உண்டு. அதில் எனக்கு வருத்தமில்லை. வகுப்பறை முழுக்க என்னைப் போலவே அறுபது பேர் உட்கார்ந்திருந்தால் அங்கே யாரிடமிருந்து எதைக் கற்றுக்கொள்வது? வேலை அனுபவத்தையும் இடப்பக்கமே எழுதினேன். சில கல்லூரிகளின் சூத்திரத்தில் அது ஓரளவுக்கு மேல் ஏறுவதில்லை, எனக்கு ஏற்கெனவே ஐந்து வருஷம் ஆகிவிட்டது.

வலப்பக்கம் மிஞ்சியவை இரண்டு. கேட் மதிப்பெண், நேர்முகம்.

மூன்றாவது முறை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கேட் மதிப்பெண்ணைத்தான் துரத்துகிறோம். அதற்குத்தான் வகுப்பு இருக்கிறது, வாராவாரம் ரேங்க் பட்டியல் இருக்கிறது, உழைப்பது கண்ணுக்குத் தெரிகிறது. நேர்முகத்தில் சரிந்தவனும் மறுபடி கணக்குப் போடத்தான் போகிறான். நானும் அப்படித்தான் போயிருப்பேன். ஆனால் நான்கு கால் வந்து நான்கும் போனது என்றால், தேர்வு என்னைக் கதவு வரைக்கும் கொண்டுபோய் விட்டிருக்கிறது. உள்ளே போன பிறகு நான் தோற்றிருக்கிறேன். இதை நோட்டில் எழுத அவ்வளவு நேரம் பிடித்தது. எழுதிய பிறகு, பிப்ரவரியில் நடந்ததை முதல் தடவையாக ஒழுங்காக நினைத்துப் பார்த்தேன்.

பெங்களூரில் நேர்முகம். எதிரே இரண்டு பேராசிரியர்கள், ஒருவர் ஐம்பது தாண்டியவர், இன்னொருவர் இளையவர். ஏன் எம்பிஏ என்ற கேள்விக்கு நான் தயாரித்து வைத்திருந்த பதிலைச் சொன்னேன். கோவை கணபதியில் எங்கள் அப்பா லேத் பட்டறை வைத்திருக்கிறார், பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிறார், நிர்வாகம் படித்துவிட்டு அந்தத் தொழிலை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும். நல்ல பதில். மாக் நேர்முகத்தில் எல்லோரும் பாராட்டிய பதில்.

பெரியவர் கேட்டார்: "சிறு தொழில்களுக்கு வர வேண்டிய பணம் பற்றி இப்போது ஒரு வரிச் சட்டம் பேச்சில் இருக்கிறதே, தெரியுமா?"

தெரியும். அந்த பிப்ரவரியில் செய்தித்தாள் முழுக்க அதுதான். வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற பிரிவு. உத்யம் என்ற அரசுப் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களிடம் பொருளோ வேலையோ வாங்கினால், ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள், அதற்குள் பணம் தர வேண்டும். தராமல் நிதியாண்டை முடித்தால் அந்தத் தொகையை அந்த வருஷச் செலவாகக் காட்ட முடியாது, அதற்கும் சேர்த்து வரி கட்ட வேண்டும். கடகடவென்று சொல்லிவிட்டேன். இளையவர் தலையாட்டினார்.

"சரி. உங்க அப்பாவுக்குப் பணம் எத்தனை நாளில் வருது?"

நான் பேசவில்லை.

"அவர் உத்யம் பதிவு வைத்திருக்கிறாரா? அது இருந்தால்தானே இந்த விதி அவருக்குப் பயன்படும்?"

"பார்க்க வேண்டும், சார்" என்றேன். அவர் கோபப்படவில்லை. ஏதோ குறித்துக்கொண்டார். அடுத்து நிகழ்தகவில் ஒரு கேள்வி கேட்டார்கள், அதற்குச் சரியாகப் பதில் சொன்னேன். அது போதும் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

இதில் என்னை இன்றைக்கும் உறுத்துவது வேறு. அன்று இரவே அப்பாவுக்குப் போன் செய்து, "உங்களுக்குப் பணம் எத்தனை நாள்ல வருதுங்கப்பா?" என்று கேட்டிருக்கலாம். இரண்டு நிமிஷம்கூட ஆகாது. நான் கேட்கவில்லை. அடுத்த மூன்று நேர்முகங்களுக்குப் பட்டறை வரியையே எடுத்துவிட்டு, தலைமைப் பண்பு, உலகளாவிய பார்வை என்று யாரும் குடைந்து கேட்க முடியாத சொற்களைப் போட்டுக்கொண்டேன். எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒரே விஷயத்தை என் விண்ணப்பத்திலிருந்து நானே அடித்துவிட்டேன்.

இதற்கு நடுவே ஜூலையில் இன்னொரு முடிவு காத்திருந்தது. ஒரு தனியார் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. பதினைந்து நாளில் முதல் தவணை கட்ட வேண்டும். இரண்டு வருஷத்துக்குக் கட்டணமும் விடுதியும் சேர்த்து 18 லட்சம். "கிடைச்ச இடத்துல சேர்ந்துரு சாமி, எதுக்கு இன்னொரு வருஷத்தை வீணாக்கறே" என்றார் அம்மா. அப்பா ஒரு படி மேலே போய், வீட்டுப் பத்திரத்தை எடுத்து வெளியே வைத்துவிட்டார்.

நான் வங்கிக்குப் போனேன். 7.5 லட்சத்துக்கு மேல் போனால் கல்விக் கடனுக்குப் பொதுவாக அடமானம் கேட்பார்கள். ஐஐஎம் போன்ற இடங்களுக்கு அடமானம் இல்லாமலே பெரிய தொகை தரும் திட்டங்கள் உண்டு, இந்தக் கல்லூரி அந்தப் பட்டியலில் இல்லை. பத்து சதவீத வட்டி, பத்து வருஷம் என்று போட்டால் மாதத் தவணை ஏறக்குறைய 23,800. படிக்கும் காலத்தில் தவணை இல்லாவிட்டாலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும், அது தனி. என் சம்பளம் அப்போது கைக்கு 55,000. இரண்டு வருஷம் விட்டால் 13.2 லட்சம். ஆக அந்தப் படிப்பின் உண்மையான விலை 31 லட்சத்துக்கு மேல். கடனைப் பற்றிப் பேசுகிற யாரும் விட்டுப்போகும் சம்பளத்தைச் சேர்ப்பதே இல்லை.

கல்லூரியின் கையேட்டில் மிக உயர்ந்த சம்பளம் கொட்டை எழுத்தில் இருந்தது, சராசரி சற்றுச் சிறிய எழுத்தில். எனக்கு வேண்டியது நடுமதிப்பு, அதாவது எல்லோரையும் வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவது. நான்கு பேர் ஐம்பது லட்சம் வாங்கினால் சராசரி எகிறிவிடும், நடுவில் நிற்பவருக்கு அதனால் ஒரு ரூபாய் கூடாது. மின்னஞ்சலில் கேட்டேன். மீண்டும் அதே கையேட்டை அனுப்பினார்கள். வேலைவாய்ப்பு அறிக்கைகளுக்கென்று ஐபிஆர்எஸ் என்ற தர அளவு ஒன்று இருக்கிறது, ஐஐஎம் அகமதாபாத் தொடங்கிவைத்தது. அதன்படி அறிக்கை தயாரித்து வெளியாள் தணிக்கை செய்து போடும் கல்லூரிகள் உண்டு. பணம் கட்டுவதற்கு முன் இதைக் கேட்டுப் பாருங்கள். தர மறுக்கிற இடத்துக்கு வீட்டுப் பத்திரத்தைக் கொடுக்காதீர்கள்.

நான் பணம் கட்டவில்லை. பத்திரம் பீரோவுக்குத் திரும்பிப் போனது. அம்மா இரண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

வேலையை விட்டுவிட்டு முழு நேரமாகப் படிக்கும் யோசனையும் வந்தது. இதற்கு அதிக நேரம் செலவிட வேண்டாம். கேட் தேர்வு இரண்டு மணி நேரம், மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் நாற்பது நிமிஷம். கணக்கெல்லாம் பெரும்பாலும் பள்ளிக்கூடத்துப் பாடம்தான். நாளுக்குப் பத்து மணி நேரம் கொடுத்தால் பத்து மடங்கு ஏறுகிற சமாச்சாரம் இல்லை அது. அடுத்த நேர்முகத்தில் "இந்த ஒரு வருஷம் என்ன செய்தீர்கள்" என்ற கேள்வி மட்டும் நிச்சயமாக வரும்.

அந்த நாட்களில் வாரன் பஃபெட் கதையை எனக்கு ஐந்தாறு பேர் அனுப்பினார்கள். ஹார்வர்டு அவரை மறுத்தது, பார், இன்றைக்கு எங்கே இருக்கிறார் என்று. எனக்கு அது ஆறுதலாக இல்லை. ஆனால் கதையைத் தேடிப் படித்தபோது, எல்லோரும் விட்டுவிடுகிற ஒரு பகுதி கிடைத்தது. 1950-இல், பத்தொன்பது வயதில், சிகாகோவுக்குப் போய் ஹார்வர்டின் நேர்முகத்தில் உட்கார்ந்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறார். பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கையேட்டைப் புரட்டும்போது, தான் ஊன்றிப் படித்த முதலீட்டுப் புத்தகங்களை எழுதிய பெஞ்சமின் கிரகாமும் டேவிட் டாடும் அங்கே பாடம் எடுப்பதைப் பார்க்கிறார். டாடுக்கே கடிதம் எழுதுகிறார், இடம் கிடைக்கிறது. ஹார்வர்டுக்கு மாற்றாக இன்னொரு பெரிய பெயரை அவர் தேடவில்லை. யாரிடம் எதைக் கற்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அப்படி ஒரு பெயர்கூடத் தெரியாது. இரண்டு வருஷமாக நான் சேர விரும்பிய கல்லூரிகளில் பாடம் எடுக்கும் ஒரு பேராசிரியரின் பெயரை என்னால் சொல்ல முடியவில்லை.

ஜூலை மூன்றாவது வெள்ளிக்கிழமை சேரன் எக்ஸ்பிரஸில் ஏறிக் கோவைக்குப் போனேன். சனிக்கிழமை சாயங்காலம் ஆட்கள் போன பிறகு பட்டறையில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, கணக்கு நோட்டைக் கேட்டேன். "அதுல என்ன கண்ணு இருக்குது" என்றார். கொஞ்சம் கூச்சத்தோடுதான் எடுத்துக் கொடுத்தார். நீள நோட்டு. இடது பக்கம் பில் தேதி, நம்பர், தொகை. வலது பக்கம் பணம் வந்த தேதி. பதினெட்டு வருஷமாக ஒரு பில்கூட விடாமல் எழுதியிருக்கிறார். ஆனால் இந்தத் தேதிக்கும் அந்தத் தேதிக்கும் நடுவில் எத்தனை நாள் என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

இரவு பதினொரு மணி வரை எண்ணினேன். மாதம் சராசரியாக 3.2 லட்சத்துக்கு பில் போடுகிறார். அன்றைய தேதிக்கு வெளியே நிற்கும் பாக்கி 10.4 லட்சம். அதாவது ஏறக்குறைய 97 நாள்.

ஷாஃப்ட் கடைய வாங்கும் கம்பிக்கு முப்பது நாளில் பணம் தர வேண்டும். ஆட்களுக்கு வாராவாரம் சனிக்கிழமை கூலி. பில் போட்ட மாதத்துக்கு அடுத்த மாதமே ஜிஎஸ்டி கட்ட வேண்டும், பணம் கைக்கு வந்ததா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. இந்த இடைவெளியை அப்பா வங்கியின் சிசி கணக்கை, அதாவது தொழிலுக்கு வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் கடனை, வைத்து நிரப்பிக்கொண்டிருந்தார். அதற்கு வட்டி வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல். எங்கள் வீட்டில் ஒவ்வொரு தீபாவளிக்கும் ஏன் பணம் இறுக்கமாக இருந்தது, என் முதல் செமஸ்டர் கட்டணத்துக்கு அம்மாவின் வளையல் ஏன் அடகுக்குப் போனது என்பதெல்லாம் அந்த நோட்டில் இரண்டு தேதிகளுக்கு நடுவே கிடந்தது. வேலை இல்லாத பட்டறை இல்லை எங்களுடையது. லேத் நின்ற நாளே கிடையாது.

உத்யம் பதிவு இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. ஆதாரும் பான் எண்ணும் வைத்துக்கொண்டு தளத்தில் இலவசமாகவே செய்யலாம். அன்று இரவே செய்துவிடலாம் என்றேன். அப்பா தயங்கினார்.

"சட்டம் பேசறவன்னு பேராயிரும். பக்கத்துப் பட்டறைக்குப் போயிருவாங்க கண்ணு."

பேராசிரியர் கேட்காத கேள்வி அது. சட்டம் இருக்கிறது, அதைச் சொன்னால் ஆர்டர் போய்விடும் என்ற பயமும் இருக்கிறது. பயம் நியாயமானது. நாங்கள் இரண்டு வாரம் அதைப் பற்றியே பேசினோம். கடைசியில் பதிவு செய்வது, பில்லில் எண்ணை அச்சடிப்பது, யாரிடமும் வாய்விட்டு எதையும் கேட்காமல் இருப்பது என்று முடிவானது. பெரிய கம்பெனிகளின் கணக்குப் பிரிவில் அந்த எண்ணைப் பார்க்கிறவர்களுக்கே அதன் அர்த்தம் தெரியும்.

ஆகஸ்ட் முதல் தேதி பதிவு திறந்தது. நான் கேட் எழுதவில்லை.

இதைப் படிப்பவர்களில் சிலர், எம்பிஏ வேண்டாம் என்று இவன் ஒதுங்கிவிட்டான் என்று நினைக்கலாம். அப்படி இல்லை. எனக்கு இன்னும் படிக்க வேண்டும், முன்பைவிட அதிகமாக வேண்டும். செயல்பாட்டு மூலதனம், அதாவது தொழிலை அன்றாடம் ஓட்டத் தேவைப்படும் பணம், என்ற பாடத்தை அதைத் தெரிந்த ஒருவரிடம் உட்கார்ந்து கற்க வேண்டும். எங்கள் பட்டறையைப் போல இருக்கும் நூறு பட்டறைகள் சேர்ந்து ஒரே விலையில் கம்பி வாங்க முடியுமா, பாக்கி பில்லைக் காட்டி முன்பணம் வாங்கும் டிரெட்ஸ் போன்ற தளங்கள் இவ்வளவு சின்ன ஆட்களுக்கு ஏன் எட்டுவதில்லை என்றெல்லாம் கேட்க வேண்டும். ஆனால் அதற்கு இந்த நவம்பர்தான் என்று எந்த அவசரமும் இல்லை. கேட் மதிப்பெண் அந்த ஒரு சேர்க்கைப் பருவத்தோடு காலாவதியாகிறது. ஜிமேட் என்ற இன்னொரு மேலாண்மை நுழைவுத் தேர்வின் மதிப்பெண் ஐந்து வருஷம் செல்லும். ஹைதராபாத் ஐஎஸ்பியின் பிஜிபி, ஐஐஎம் அகமதாபாத்தின் பிஜிபிஎக்ஸ் மாதிரியான ஒரு வருடப் படிப்புகளுக்கு வேலையில் இருந்தவர்கள்தான் போகிறார்கள், பிஜிபிஎக்ஸுக்குக் குறைந்தது நான்கு வருஷ அனுபவம் வேண்டும் என்பது விதி. கட்டணம் அதிகம், ஆனால் விட்டுப்போகும் சம்பளம் ஒரு வருஷத்தோடு முடிகிறது. என் அனுபவம் பழைய சூத்திரத்தில் மேலே ஏறாமல் நின்றுபோன எண். இங்கே என்னிடம் கேட்கப்போவதே அதைப் பற்றித்தான்.

அதற்கு ஏற்ற அனுபவம் என்னிடம் இருக்க வேண்டும். ஐந்து வருஷம் நான் செய்தது வங்கி மென்பொருளுக்கு டெஸ்டிங். இரண்டு வருஷமாக அந்த வேலையை ரயில் நிலையத்துக் காத்திருப்பு அறை மாதிரி நினைத்தே உட்கார்ந்திருந்தேன். எப்படியும் கிளம்பப் போகிறோம், இங்கே எதற்குப் புதிதாகக் கற்பது என்று. மூன்றாவது முயற்சி என்ன விலை கேட்கும் என்று யாராவது என்னிடம் கேட்டால் நான் சொல்வது இதைத்தான். தேர்வுக் கட்டணம் ஒன்றுமே இல்லை. இருக்கிற வேலையில் பாதி ஆளாக இருந்துவிட்டு வருகிறோம், அந்த வருஷங்கள் திரும்பி வராது. மேனேஜரிடம் போய், உற்பத்தி நிறுவனங்களுக்கு ஈஆர்பி, அதாவது கொள்முதல், சரக்கு, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கும் மென்பொருள், அமைத்துக் கொடுக்கும் குழுவுக்கு மாற்றக் கேட்டேன். நவம்பரில்தான் கிடைத்தது. சம்பளம் ஏறவில்லை. முதல் மூன்று மாதம் என்னைவிட ஐந்து வயது சின்னவர்களிடம் கேட்டுக் கேட்டு வேலை கற்றேன். இப்போது ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் பில் எந்த மேஜையில் எத்தனை நாள் தூங்குகிறது என்பதை உள்ளே இருந்தே பார்க்கிறேன். பெரும்பாலான நேரம் யாரும் கெட்ட எண்ணத்தில் பணத்தை நிறுத்துவதில்லை. சரக்கு வந்து சேர்ந்த சீட்டும் பில்லும் பொருந்தாமல் நிற்கின்றன, பொருத்த வேண்டியவர் லீவில் இருக்கிறார். அப்பாவிடம் இதைச் சொன்ன பிறகு, ஒவ்வொரு டெலிவரி சலானிலும் அவர்களுடைய ஆர்டர் எண்ணை எழுத ஆரம்பித்தார். சட்டம் செய்ததைவிட அந்த எண் செய்தது அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

2025 மார்ச் மாதம் இரண்டு கம்பெனிகள் பழைய பாக்கியை மொத்தமாகத் தீர்த்தன. நிதியாண்டு முடிவு. ஒரு சின்ன கம்பெனி, அப்பா பயந்த மாதிரியே, பில்லில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு ஆர்டரைக் குறைத்துக்கொண்டது. மாதம் 30,000 போனது. அப்பா என்னைக் குறை சொல்லவில்லை, ஆனால் இரண்டு நாள் சாப்பாட்டில் கை வைக்காமல் பிசைந்துகொண்டிருந்தார் என்று அம்மா சொன்னார். நான் செய்தது சரிதானா என்ற கேள்வி எனக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை.

போன மாதம் எங்கள் குழுவில் இருக்கும் ஒரு பெண், நான்கு வருஷம் இளையவள், டீக்கடையில் என்னிடம் வந்து, "அண்ணா, எல்லாம் போச்சு. திரும்ப எழுதட்டுமா?" என்று கேட்டாள். அவளுக்கு மூன்று மறுப்பு. எழுது, எழுதாதே என்று நான் சொல்லவில்லை. அவள் விண்ணப்பத்தில் எழுதிய கட்டுரையைக் காட்டச் சொன்னேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நான் அடுத்தடுத்து இரண்டு கேள்வி கேட்பேன், இரண்டுக்கும் எண்ணோடோ பெயரோடோ பதில் சொல்ல முடிந்தால் அந்த வாக்கியம் இருக்கலாம் என்றேன். பதினொரு வாக்கியங்களில் ஒன்று மட்டும் நின்றது. அவள் அத்தை தென்காசிப் பக்கம் ஒரு மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறார், அவருக்கு இவள் லீவில் போகும்போதெல்லாம் உதவுகிறாள். அந்த வரி கட்டுரையின் கடைசியில், பொழுதுபோக்குகளோடு சேர்ந்து கிடந்தது. அந்தக் குழுவில் எத்தனை பேர், எவ்வளவு கடன், எந்த மாதம் தவணை தவறும், ஏன் என்று கேட்டேன். இருபது நிமிஷம் நிறுத்தாமல் பேசினாள். டீ ஆறிவிட்டது. மறுபடி எழுதுவாளா என்று எனக்குத் தெரியாது, அவளும் ஜூலை வரைக்கும் சொல்லப் போவதில்லையாம்.

ஜிமேட் தேதி எடுத்திருக்கிறேன். பிஜிபிஎக்ஸில் நிதி மேலாண்மை யார் எடுக்கிறார்கள், அவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு பேருடைய கட்டுரைகளைப் படித்துவிட்டேன், ஒருவருக்குக் கடிதமும் எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை.

நேற்று ராத்திரி ஒன்பதரைக்கு வழக்கம்போலப் போன் வந்தது. அம்மாவிடம் கொடுக்காமல் அப்பாவே பேசினார்.

"அந்த சிட்கோ கம்பெனிக்காரன் இன்னிக்குப் போட்டுட்டான் கண்ணு. எண்ணிப் பார்த்தேன், எழுபத்தொரு நாள்."

நல்லதுங்கப்பா என்றேன்.

"மார்ச் பில்லு ரெண்டு இன்னும் நிக்குது. சனிக்கிழமை வருவியல்ல, அதை என்னன்னு பார்த்துரலாம்."